டோவரின் சுமைதூக்கிகள்

பிலடெல்பியாவிலிருந்து தெற்கே இறங்கினால் டெலவேர் மாநிலம் முழுக்கச் சமதரை. இரு பக்கமும் சோளமும் சோயாவும், நடுநடுவே நீளமான கோழிப்பண்ணைக் கொட்டகைகள். டோவர் ஊரைத் தாண்டியதும் வயலுக்கு மேலே ஒரு வால் தெரிந்தது. விமானம் தெரியவில்லை, வால் மட்டும்தான். கிட்டத்தட்ட 20 மீட்டர் உயரம், ஆறு மாடிக் கட்டடம் அளவுக்கு. காரை ஓட்டிக்கொண்டிருந்த அக்கா மகன், "மாமா, நீங்க சொன்னது அதுவா?" என்று கேட்டான். அதேதான். சி-5 கேலக்ஸி.

சென்னையில் என் அலமாரியில் இருக்கும் சி-5 பத்தொன்பது சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. துத்தநாகக் கலவையில் வார்த்த 1:400 மாதிரி. உள்ளங்கையில் வைத்தால் அளவுக்கு மீறிக் கனக்கும். அசலின் நீளம் 75 மீட்டர், இறக்கையின் முனையிலிருந்து முனைக்கு 68 மீட்டர்.

டைகாஸ்ட் விமானங்களைச் சேர்ப்பவர்களில் பெரும்பாலோர் போர் விமானத்தையோ பயணிகள் விமானத்தையோதான் வாங்குகிறார்கள். நான் சேர்ப்பது ராணுவச் சரக்கு விமானங்களும், வானத்திலேயே எரிபொருள் கொடுக்கும் டேங்கர்களும். ஒரு சண்டை விமானம் ஓரிடத்தில் நிற்கிறது என்றால் அதற்கு முன்பே யாரோ அங்கே குண்டும் உதிரிப்பாகமும் கூடாரமும் குடிநீரும் கொண்டுபோய் இறக்கியிருக்கிறார்கள். நிலநடுக்கம் வந்த ஊரில் முதலில் இறங்குவதும் இதே சரக்கு விமானங்கள்தான். இந்த உழைப்பாளிகளுக்குக் கண்ணாடிப் பெட்டியில் முன்வரிசை கிடைப்பதில்லை. என் வீட்டிலாவது கிடைக்கட்டும் என்றுதான் ஆரம்பித்தேன்.

எல்லாவற்றையும் ஒரே அளவில் வாங்குவது என்பதில் மட்டும் பிடிவாதமாக இருக்கிறேன். 1:200 மாதிரியில் நுணுக்கம் கூடும், உண்மைதான். ஆனால் ஒரு சி-5 மட்டுமே 38 சென்டிமீட்டர் நீளம், 34 சென்டிமீட்டர் அகலம் கேட்கும். அப்போது சின்ன விமானத்தை ஒரு அளவிலும் பெரியதை இன்னொரு அளவிலும் வாங்கத் தோன்றும். அதோடு அலமாரி பொய் சொல்ல ஆரம்பித்துவிடும். 1:400 என்று நின்றுவிட்டால் இரண்டாம் உலகப் போரின் சி-47 ஐந்து சென்டிமீட்டர்கூட வராது. அதன் பக்கத்தில் சி-5ஐ வைத்தால் 1940களுக்கும் 1968க்கும் நடுவில் என்ன நடந்தது என்பது விளக்கமே இல்லாமல் புரியும்.

அந்த வரிசை முழுவதும் அசல் அளவில் ஒரே மைதானத்தில் நிற்கும் இடம் டோவர். ஏர் மொபிலிட்டி கமாண்ட் அருங்காட்சியகம் விமானப்படைத் தளத்தின் ஓரத்தில் இருக்கிறது. தளத்துக்குள் போகத் தேவையில்லை, 9ஆம் எண் சாலையிலிருந்தே தனி வாசல், கட்டணமும் கிடையாது. கட்டடம் 1301ஆம் எண் ஹேங்கர். 1944இல் விமானத்திலிருந்து ஏவும் ராக்கெட்டுகளை ரகசியமாகச் சோதித்த இடம் அது.

ஹேங்கருக்குள் முதலில் தேடியது சி-47ஐ. மூக்கில் 'டர்ஃப் அண்ட் ஸ்போர்ட் ஸ்பெஷல்' என்று எழுதிய இந்த விமானம் 1944 ஜூனில் நார்மண்டிக்குப் பாராசூட் வீரர்களை ஏற்றிச்சென்றது. நார்மண்டி சி-47 என்றாலே மாதிரி செய்பவர்கள் இறக்கையிலும் உடலிலும் கருப்பு வெள்ளைப் பட்டை போட்டுத்தான் தருவார்கள். மாதிரியில் அந்தப் பட்டைகள் நூல் பிடித்த மாதிரி நேராக இருக்கும். சிலிகான் மெத்தை ஒன்று மையைத் தொட்டு எடுத்து வளைந்த உலோகத்தின் மேல் ஒற்றி எடுக்கும் அச்சு முறை அது, கோடு பிசகாது. அன்றைக்கு இங்கிலாந்தின் விமானதளங்களில் நடந்தது வேறு. ரகசியம் வெளியே போகக்கூடாது என்பதால் படையெடுப்புக்கு ஓரிரு நாள் முன்புதான் உத்தரவு வந்தது. கிடைத்த தூரிகையை எடுத்துக்கொண்டு படைவீரர்கள் கையாலேயே பூசினார்கள். ஓரங்கள் கோணலாகத்தான் இருந்தன. கோணலான பட்டையோடு ஒரு டைகாஸ்ட் சி-47ஐ யாராவது செய்தால் இரண்டு மடங்கு விலை கொடுத்து வாங்குவேன்.

வெளியே வந்தால் வெயிலில் பெரிய உருவங்கள். மூக்கு இரண்டு கதவாகப் பிளந்து திறக்கும் சி-124. அது பறக்கும்போது உதறும் உதறலுக்கு 'ஓல்ட் ஷேக்கி' என்றே பெயர் வைத்தார்கள். அடுத்து சி-133 கார்கோமாஸ்டர். கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைகளை முழுசாகத் தூக்கிச்சென்ற விமானம். மொத்தம் கட்டியதே 50. அவற்றில் ஒன்பது விழுந்து நொறுங்கின. எந்தக் கடையிலும் இதன் உலோக மாதிரி என் கண்ணில் பட்டதில்லை. எனக்கு அது பெரிய குறை.

நான் அதிக நேரம் நின்றது இரண்டு சி-141 ஸ்டார்லிஃப்டர்களுக்கு நடுவில். ஒன்று, அந்த வகையில் முதன்முதலாகப் பறந்த விமானம். 1963 டிசம்பர் 17, ரைட் சகோதரர்கள் பறந்ததற்குச் சரியாக அறுபதாம் ஆண்டு நாள். மற்றொன்று பின்னால் வந்த 'பி' வகை. ஒரே விமானம்தானே என்று கடந்து போகிறவர்கள் உண்டு. இரண்டையும் பக்கவாட்டில் நின்று பார்க்க வேண்டும்.

சி-141 வந்த புதிதில் ஒரு சங்கடம் தெரிந்தது. சுமை தாங்கும் எடை இன்னும் பாக்கி இருக்கும், ஆனால் உள்ளே இடம் தீர்ந்துவிடும். ராணுவச் சரக்கில் பெரும்பகுதி அப்படி, கனத்தைவிட இடத்தை அடைப்பது. அதனால் 1970களின் கடைசியில் தொடங்கி 270 விமானங்களை ஒவ்வொன்றாக உள்ளே கொண்டுவந்து, இறக்கைக்கு முன்னால் ஒரு துண்டும் பின்னால் ஒரு துண்டும் வெட்டிச் சேர்த்தார்கள். மொத்தம் 7.1 மீட்டர் கூடியது. புதிதாக 90 விமானம் வாங்கியதற்குச் சமமான கொள்ளளவு கிடைத்தது என்று கணக்குச் சொல்வார்கள். என் அலமாரியில் அந்த 7.1 மீட்டர் 1.8 சென்டிமீட்டராக இருக்கிறது. கட்டைவிரல் அகலம்தான். இரண்டு மாதிரிகளையும் அடுத்தடுத்து வைத்தால்தான் கண்ணுக்குப் படும்.

'பி' வகையின் விமானி அறைக்கு மேலே ஒரு புடைப்பு உண்டு. மாதிரி வாங்கும்போது நான் முதலில் தேடுவது அதைத்தான். வானத்தில் இன்னொரு விமானத்திலிருந்து எரிபொருள் வாங்கும் வாய் அங்கே இருக்கிறது. அது வந்த கதை 1973 அக்டோபரில் தொடங்குகிறது. எகிப்தும் சிரியாவும் இஸ்ரேலோடு போர் செய்துகொண்டிருந்தபோது அமெரிக்கா விமானத்தில் தளவாடம் அனுப்பியது. ஐரோப்பிய நாடுகள் பலவும் தங்கள் மண்ணில் இறங்க விடவில்லை. போர்ச்சுகல் மட்டும் அட்லாண்டிக் நடுவில் இருக்கும் அசோர்ஸ் தீவின் லாஜேஸ் தளத்தைக் கொடுத்தது. அந்த ஒரே நிறுத்தத்தை நம்பி ஒரு மாதத்தில் 567 பயணங்கள், 22,000 டன்னுக்கு மேல் சரக்கு. லாஜேஸும் இல்லையென்றால் என்ன செய்திருப்போம் என்ற கேள்விக்குப் பதில்தான் அந்தப் புடைப்பு. முதல் விமானத்தின் தலை வழவழப்பாக இருக்கிறது, அடுத்ததில் மேடு. இரண்டுக்கும் நடுவில் நின்றால் ஒரு போரின் பாடம் உலோகத்தில் தெரிகிறது.

டேங்கர்களும் சரக்கு விமானங்களும் ஒரே அருங்காட்சியகத்தில் இருப்பதற்கும் காரணம் உண்டு. நெடுங்காலம் டேங்கர்கள் குண்டுவீச்சு விமானங்களை வைத்திருந்த பிரிவின் சொத்து. 1992 ஜூனில் ஏர் மொபிலிட்டி கமாண்ட் உருவானபோது பெரும்பாலான டேங்கர்கள் சரக்கு விமானங்களோடு ஒரே குடைக்குள் வந்தன.

இங்கே மூன்று தலைமுறை டேங்கர்கள் நிற்கின்றன. கேசி-97 பழைய பிஸ்டன் எஞ்சின் ரகம், ஒவ்வொரு எஞ்சினிலும் 28 சிலிண்டர். எரிபொருள் வாங்க வரும் ஜெட் விமானமோ அதைவிட வேகம். ஜெட்டை அந்த அளவுக்கு மெதுவாக ஓட்டினால் விழுந்துவிடும் அபாயம். அதனால் இரண்டும் சேர்ந்து சரிவாக இறங்கிக்கொண்டே எரிபொருள் மாற்றும் ஒரு முறையைக் கண்டுபிடித்தார்கள். கீழே இறங்கும் வேகம் டேங்கருக்குக் கைகொடுத்தது. பிறகு இறக்கைக்கு அடியில் இரண்டு ஜெட் எஞ்சின்களையும் மாட்டினார்கள். இங்கே நிற்கும் கேசி-97எல் அந்த வகை. நான்கு புரொப்பெல்லர், இரண்டு ஜெட். மாதிரியாகக் கையில் எடுத்தாலும் இந்த முரண்தான் முதலில் கண்ணைப் பிடிக்கும்.

அடுத்தது கேசி-135. முதல் பறப்பு 1956 ஆகஸ்ட் 31. இன்றைக்கும் இதன் உடன்பிறப்புகள் நூற்றுக்கணக்கில் பறந்துகொண்டிருக்கின்றன. வாலுக்குக் கீழே போய் அண்ணாந்து பார்த்தேன். வயிற்றின் அடியில் ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல். பூமை இயக்குபவர் உள்ளே குப்புறப் படுத்துக்கொண்டு அந்த ஜன்னல் வழியே பின்னால் நெருங்கி வரும் விமானத்தைப் பார்ப்பார். பூம் என்பது விறைப்பான குழாய். அதன் நுனிப்பக்கம் 'வி' வடிவில் இரண்டு குட்டி இறக்கைகள். அவற்றை அசைத்துக் குழாயையே பறக்கவிட்டு, எதிர் விமானத்தின் வாயில் கொண்டுபோய்ச் செருக வேண்டும். முழுசாக நீட்டினால் ஏறத்தாழ 14 மீட்டர். இருட்டிலும் மேகத்திலும் இதைச் செய்தவர்கள் உண்டு.

1:400 மாதிரியில் அந்த ஜன்னல் அச்சடித்த ஒரு புள்ளி, பூம் ஒரு ஊசி. சில மாதிரிகளில் பூம் ஒடிந்துவிடக்கூடாது என்று உடலோடு ஒட்டியே வார்த்துவிடுவார்கள். கைக்கு அடக்கமாக இருக்கும், ஆனால் எனக்கு மனசு ஒப்பாது. பூம் இறங்காத டேங்கர் வெறும் பயணி விமானம் போலத்தான் தெரியும். ஒடிந்தாலும் பரவாயில்லை, தனித் துண்டாகப் பூம் வரும் மாதிரியைத்தான் வாங்க வேண்டும் என்பது என் கட்சி.

கேசி-10 மூன்றில் பெரியது, டிசி-10 பயணி விமானத்திலிருந்து பிறந்தது. மொத்தம் 60 கட்டினார்கள், 2024இல் கடைசி விமானமும் ஓய்வு பெற்றது. இதில் பூமும் உண்டு, குழலும் உண்டு. அமெரிக்கக் கடற்படையும் பல நாட்டு விமானப்படைகளும் குழல் முறைக்காரர்கள். கூடை கட்டிய குழல் டேங்கரிலிருந்து தொங்கும், பின்னால் வரும் விமானம் தன் மூக்குக் குழாயை அதில் செருகிக்கொள்ளும். நம் விமானப்படையும் அந்த முறைதான். ஆக்ராவில் இருக்கும் ஐஎல்-78 டேங்கர்கள் 2003இல் சேர்ந்தவை, அவற்றில் பூம் கிடையாது. இறக்கைக்கு ஒன்றாக இரண்டு குழல் பெட்டிகள், மூன்றாவது உடலின் பின்பகுதியில் இடப்பக்கம். ஐஎல்-78 மாதிரி என்று சொல்லி விற்கப்படும்போது அந்த மூன்றாவது பெட்டி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இல்லாவிட்டால் கையில் இருப்பது சரக்கு விமானமான ஐஎல்-76தான்.

கடைசியாகத்தான் சி-5க்கு வந்தேன். ஓய்வுபெற்ற விமானப்படைக்காரர்கள் பலர் இங்கே தன்னார்வலர்களாக இருக்கிறார்கள். சி-5க்கு அடியில் நின்றிருந்த பெரியவர் ஒருவர் அந்த விமானத்திலேயே லோட்மாஸ்டராக, அதாவது சுமை ஏற்றி இறக்கும் பொறுப்பாளராக, வேலை பார்த்தவர். பையிலிருந்து என் மாதிரியை எடுத்துக் கொடுத்தேன். வாங்கியவர் நிறத்தையோ எழுத்தையோ பார்க்கவில்லை. மல்லாக்கத் திருப்பி வயிற்றைப் பார்த்தார். விரலால் சக்கரத்தை எண்ணினார். முன்னால் நான்கு, நடுவில் ஆறு ஆறாக நான்கு தொகுதி. "28. சரியா இருக்கு" என்று திருப்பிக் கொடுத்தார். பிறகு, "இறக்கை மட்டும் சரியில்லை" என்றார்.

"எங்கே?"

"எரிபொருள் நிரப்பி நிக்கும்போது எங்க இறக்கை நல்லாத் தொங்கும். மேலே போனதும் நிமிரும். உங்க விமானம் சக்கரத்தை இறக்கிவிட்டு நிக்குது, ஆனா இறக்கை பறக்கிற மாதிரி இருக்கு."

உலோக வார்ப்பில் இதற்கு வழியில்லை. உருகிய கலவையை அழுத்தி எஃகு அச்சுக்குள் செலுத்துகிறார்கள், வருவது ஒரே வடிவம். ஒரே அச்சை வைத்துக்கொண்டு வெள்ளையும் சாம்பலும் பூசிய அறுபதுகளின் விமானம், பச்சை கலந்த எண்பதுகளின் விமானம், இன்றைய ஒற்றைச் சாம்பல் விமானம் என்று நிறத்தை மட்டும் மாற்றி விற்பார்கள். வளைவை மாற்ற முடியாது. அந்தப் பெரியவர் சொன்ன பிறகு என் எல்லா மாதிரிகளின் இறக்கைகளையும் வேறு கண்ணோடுதான் பார்க்கிறேன். உடல் தகடுகளின் சேர்மானக் கோடுகளும் இப்படித்தான். அசலில் விரல் நுனிக்குத்தான் தட்டுப்படும். மாதிரியில் கால் மில்லிமீட்டர் ஆழம் செதுக்கினால், அசல் அளவில் அது பத்து சென்டிமீட்டர் பள்ளம். வயலில் வாய்க்கால் வெட்டியது போல ஆகிவிடும். கோடு மெலிதாக இருக்கும் மாதிரிக்குத்தான் என் ஓட்டு.

இந்த சி-5ஏயின் எண் 69-0014. 1974 அக்டோபர் 24 அன்று பசிபிக் கடலுக்கு மேலே, 20,000 அடி உயரத்தில், பின் கதவைத் திறந்து ஒரு மினிட்மேன் ஏவுகணையை வெளியே தள்ளியது இந்த விமானம்தான். ஏவுகணையும் தொட்டிலுமாக 39 டன் கனம். பாராசூட்டுகள் அதை இழுத்து வெளியே எடுத்தன, ஏவுகணை செங்குத்தாகத் தொங்கியபடி விழுந்தது, 8,000 அடியில் எஞ்சின் பற்றிப் பத்து விநாடி எரிந்தது. நிலத்திலிருந்து ஏவும் ஏவுகணையை விமானத்திலேயே ஏற்றிச் சுற்ற முடியும் என்று சோவியத் ஒன்றியத்துக்குக் காட்டுவது நோக்கம்.

உள்ளே ஏறினேன். மூக்கு மேலே தூக்கும், வாலும் திறக்கும். ஒரு பக்கம் லாரி ஏறினால் மறுபக்கம் இறங்கலாம். சுமைத் தளத்தின் நீளம் சரிவுப் பலகையைச் சேர்க்காமலே 121 அடி. ரைட் சகோதரர்களின் முதல் பறப்பு 120 அடி. அந்தப் பறப்பை இந்த வயிற்றுக்குள்ளேயே நடத்தி முடித்திருக்கலாம். விமானம் சக்கரக் கால்களை மடக்கித் தரையோடு தாழ்ந்துகொடுக்கவும் செய்யும். "முழங்கால் போடும்" என்றார் பெரியவர். டாங்கி ஏற்றிய நாட்களைப் பற்றி, சங்கிலிகளைக் கணக்குப் பார்த்துக் கட்டுவதைப் பற்றி அவர் சொல்லச் சொல்ல, இந்த வெறுமைக்குள் என்னென்ன போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன். மாதிரியில் இது கிடைக்காது. அது திடமான உலோகம், உள்ளே இடமே இல்லை. அதே நேரம், இந்த விமானத்தின் முழு வடிவத்தை நான் அறிந்தது மாதிரியில்தான். அசலின் அடியில் நின்றால் சக்கரம் தெரியும், எஞ்சின் தெரியும், வால் தெரியும். முழுசாக எங்கிருந்தும் தெரியாது.

டோவரைப் பற்றி எழுதும்போது இதைச் சொல்லாமல் விட முடியாது. வெளிநாட்டுப் போர்களில் இறக்கும் அமெரிக்கப் படைவீரர்களின் உடல்கள் வந்திறங்குவது இந்தத் தளத்தில்தான். படையின் பிணவறை இங்கே இருக்கிறது. அந்தப் பெட்டிகளை எடுத்து வருவதும் இதே சரக்கு விமானங்கள். 1991லிருந்து 2009 வரை அந்தக் காட்சியைப் படம் எடுக்கப் பத்திரிகைகளுக்கு அனுமதி இல்லை. பிறகு குடும்பத்தார் சம்மதித்தால் எடுக்கலாம் என்று மாறியது. ஏவுகணை, டாங்கி, நிவாரண அரிசி, சவப்பெட்டி எல்லாவற்றையும் இந்த விமானங்கள் தூக்கியிருக்கின்றன. சி-17 சரக்கு விமானத்தின் மாதிரியை அழகுக்காக வைத்திருப்பவர்களும் இதை அறிந்தே வைத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

மைதானத்தின் ஓரத்தில் பழைய கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் தலைப்பகுதியைப் பெயர்த்துக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து நடப்புத் தளத்தின் ஓடுபாதை தெரிகிறது. ஒரு சி-17 இறங்கி, சக்கரம் தொட்டதும் மறுபடி எழும்பிப் போனது. பயிற்சிப் பறப்பு. டெல்லிக்குப் பக்கத்தில் ஹிண்டன் தளத்தில் நம்மிடமும் இதே ரகம் பதினொன்று உண்டு.

தன்னார்வலர்களின் முக்கால்வாசி வேலை துருவோடு போராடுவதுதான். டெலவேர் விரிகுடா பக்கத்தில் இருக்கிறது, காற்றில் உப்பு. விமானங்கள் திறந்தவெளியில் நிற்கின்றன. ஒன்றைக் கழுவிச் சுரண்டிப் பூசி முடிப்பதற்குள் இன்னொன்று பொரிந்துவிடும். சென்னையில் என் அலமாரிக்கும் இதே எதிரிதான். துத்தநாகக் கலவையில் ஈயம் கலந்துவிட்டால் ஈரத்தில் வருடங்கள் போகப் போக உலோகம் உள்ளேயே வெடித்து உதிரும். பழைய மாதிரிகளில் இறக்கை தானாகவே விரிசல் விடுவது அதனால்தான். தூய்மையான கலவையில் செய்தவை நிலைக்கும். ஆனாலும் பெட்டிக்குள் சிலிகா ஜெல் பொட்டலம் போட்டு, மழைக்காலம் முடிந்ததும் மாற்றிவிடுவது நல்லது.

போக நினைப்பவர்களுக்கு: திங்கட்கிழமை மூடியிருக்கும். சில சனிக்கிழமைகளில் பல விமானங்களின் உள்ளேயும் ஏறிப் பார்க்க விடுவார்கள், அந்த நாளைக் கேட்டறிந்து போங்கள். மாதிரி கையில் இருந்தால் எடுத்துப் போங்கள், அங்கிருக்கும் பெரியவர்கள் ஆசையாக வாங்கிப் பார்ப்பார்கள்.

திரும்பும் வழியில் அக்கா மகனிடம் அலமாரியை மாற்றி அடுக்கப்போவதாகச் சொன்னேன். இதுவரை ஆண்டு வரிசை. இனி டேங்கரையும் அதனிடம் வாங்கும் விமானத்தையும் ஜோடியாக வைக்க வேண்டும், கேசி-135க்குக் கீழே பின்னால் அந்தப் புடைப்பு வைத்த சி-141பி. பூம் 1:400இல் மூன்றரை சென்டிமீட்டர் வரும், நடுவில் விட வேண்டிய இடைவெளி அவ்வளவுதான். சக்கரம் இறக்கிய மாதிரிகள் இதற்கு உதவாது. சக்கரம் மடக்கி, இறக்கை நிமிர்ந்து, தாங்கியில் நிற்கும் ஜோடி வேண்டும். "ரெண்டும் கிடைக்குமா மாமா?" என்றான். சி-141பியைத்தான் முதலில் தேட வேண்டும்.